ஏகபோகம் போகும், கம்பனி போகாது

கேள்வி இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைப் பக்கமிருந்து வந்தது. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்கிறார்: "மைக்ரோசொப்ட் மாதிரி எல்லா இடத்தையும் பிடித்து வைத்திருக்கிற கம்பனி என்றைக்காவது அந்தப் பிடியை இழக்குமா? இழக்காது என்றால் நாங்கள் ஏன் லினக்ஸ், லிப்ரே ஒபிஸ் எல்லாம் படித்து நேரத்தை வீணாக்க வேண்டும்?" ஹட்டனில் கணினி திருத்துவதும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பதும்தான் எனக்குப் பிழைப்பு என்பதால் கேள்வி என் தலையில் விழுந்திருக்கிறது. லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம், லிப்ரே ஒபிஸ் மைக்ரோசொப்ட் ஒபிஸுக்கு மாற்று. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இழக்கும் தம்பி. சொல்லப்போனால் மைக்ரோசொப்ட் ஒரு முறை இழந்தும்விட்டது. நீங்கள் பாலர் வகுப்பில் இருந்த காலத்தில் அது நடந்து முடிந்தது. ஒருவருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம், கம்பனி விழவில்லை. முன்பைவிடப் பணக்காரக் கம்பனியாகிவிட்டது. போட்டிக்காரன் ஒருவன் வருவான், அதே சரக்கை இன்னும் நன்றாகச் செய்து குறைந்த விலைக்குக் கொடுப்பான், பழையவன் கடையை மூடுவான் என்று நாம் எதிர்பார்க்கிறோம். மென்பொருளில் அப்படி நடப்பது அபூர்வம். பழையவன் தன் இடத்தில் அசையாமல் இருப்பான், சனம் வேறு இடத்துக்குப் போய்விடும்.

ஏன் நேருக்கு நேர் மோதி வெல்ல முடிவதில்லை என்பது விளங்கினால் பாதிக் கேள்வி தீர்ந்தது. 1998 மே மாதம் அமெரிக்க அரசாங்கம் மைக்ரோசொப்ட்மீது ஏகபோக வழக்குப் போட்டது. 1999 நவம்பரில் நீதிபதி தோமஸ் பென்பீல்ட் ஜக்சன் வழக்கில் நிரூபணமான உண்மைகளை நீண்ட அறிக்கையாக வெளியிட்டார். அதில் விண்டோஸோடு போட்டியிட்ட ஐ.பி.எம்மின் ஓ.எஸ்.2 என்ற இயங்குதளம் பற்றி ஒரு கணக்கு வருகிறது. அது உச்சத்தில் இருந்தபோது அதில் ஓடிய மென்பொருள்கள் ஏறத்தாழ 2,500, சந்தையில் அதன் பங்கு 10 சதவீதம். விண்டோஸில் ஓடியவை 70,000க்கும் மேல். ஐ.பி.எம். பணமில்லாத கம்பனியா? அப்படியிருந்தும் முடியவில்லை. ஆள் அதிகம் இருக்கும் இடத்துக்குத்தான் மென்பொருள் எழுதுகிறவன் எழுதுவான். மென்பொருள் அதிகம் இருக்கும் இடத்துக்குத்தான் ஆள் போவான். இந்தச் சுற்று ஒரு முறை சுழலத் தொடங்கிவிட்டால் தரம், விலை எதுவும் அதை நிறுத்தாது.

இதை ஹட்டனிலேயே காட்டுகிறேன். இங்கே அச்சகம், பாடசாலைக் காரியாலயம், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாவற்றிலும் பல வருடம் ராஜ்யம் நடத்தியது பாமினி எழுத்துரு. எந்தக் கருவியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் யுனிகோட் முறை பரவுவதற்கு முந்தியது. திரையில் தமிழாகத் தெரியும், ஆனால் கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்து. பாமினி இல்லாத போனில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். கணித ஆசிரியை ஒருவர் தன் சேவைக்கால வினாத்தாள்கள் முழுவதையும் பென்டிரைவில் கொண்டுவந்து, "பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிற மாதிரி மாற்றித் தாங்க சேர்" என்றார். மாற்றும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. ஒட்டினால் மாற்றிக் கொடுக்கும். ஆனால் கணிதத் தாளில் தமிழோடு ஆங்கில எழுத்தும் கலந்து வருமே! கருவிக்கு எது தமிழ், எது சமன்பாடு என்று தெரியாது. எக்ஸ் எல்லாம் 'ஒ' ஆனது, வை எல்லாம் 'ல' ஆனது. சமன்பாடு ஒவ்வொன்றையும் கையால் திருத்த வேண்டி வந்தது.

பாமினியை எந்தக் கம்பனியும் அந்த ஆசிரியைக்கு விற்கவில்லை. அது சும்மா கிடைத்தது, எல்லோரும் பாவித்தார்கள், அவரும் பாவித்தார். சும்மா கிடைத்த ஓர் எழுத்துருவே ஒரு மனிதரின் உழைப்பை இப்படிக் கட்டிப்போடும் என்றால், கோப்பு வடிவம், கணக்குப் பொதி, பிரின்டர், பழகிய விரல் எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

மலையகத்துப் பிள்ளைக்கு இதை விளக்கத் துண்டு முறையைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், இவருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுகிறேன் என்று துரை எழுதிய துண்டு வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணி நல்லவர், குடியிருக்கும் லயம் நல்லது என்பதால் ஒன்றும் ஆகாது. கடனை யார் கட்டுவது என்பதுதான் கேள்வி. புதிய கங்காணி கட்டினால் ஆள் நகரும். 1921ல் அந்த முறையைச் சட்டம் ஒழித்தது. மென்பொருளில் நம்முடைய பழைய கோப்புகளும் பழக்கமும்தான் அந்தக் கடன். புதிதாக வருகிறவன் அதைக் கட்டத் தயாரா என்று பார்த்தால் யார் வெல்வான், யார் தோற்பான் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

விண்டோஸுக்கு முந்திய இயங்குதளமான டொஸின் காலத்தை எடுங்கள். எக்செல் மாதிரிக் கணக்குத் தாள் மென்பொருள் என்றால் அன்று லோட்டஸ் 1-2-3. 1979ல் வந்த விசிகல்க் என்ற மென்பொருளை 1983ல் வந்த லோட்டஸ் ஓரங்கட்டியது. எண்பதுகளின் நடுவில் வருமானத்தில் லோட்டஸ் மைக்ரோசொப்டைவிடப் பெரிய கம்பனி என்றால் இன்று நம்புவீர்களா? கடிதம் அடிக்க வேர்ட்பெர்பெக்ட். இந்த இரண்டையும் டொஸுக்குள் வைத்து யாராலும் அசைக்க முடியவில்லை. மைக்ரோசொப்டின் மல்டிபிளானும் டொஸ் வேர்டும் மோதிப் பார்த்துப் பின்தங்கின. பிறகு 1990ல் விண்டோஸ் 3.0 வந்து ஆடுகளமே மாறிப்போனது. லோட்டஸ் ஓ.எஸ்.2வை நம்பி இருந்துவிட்டது. அதன் விண்டோஸ் பதிப்பும் வேர்ட்பெர்பெக்டின் விண்டோஸ் பதிப்பும் 1991ல்தான் கடைக்கு வந்தன. எக்செல் 1987 முதலே விண்டோஸில் ஓடிப் பழகியிருந்தது. அத்தோடு எக்செல் கடனையும் கட்டியது: லோட்டஸ் கோப்புகளைத் திறந்தது, லோட்டஸ்காரர்களின் விரல் பழகிய சாய்கோட்டுச் சாவியைத் தட்டினாலும் பதில் சொன்னது. 1994ல் வேர்ட்பெர்பெக்டை நொவெல் என்ற கம்பனி வாங்கியது. 1995ல் லோட்டஸை ஐ.பி.எம். 350 கோடி டொலருக்கு வாங்கியது. 95 சதவீதம் வைத்திருப்பவன் அசைய மாட்டான் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு பெயரையும் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்.

ஐ.பி.எம்மின் கதை இன்னும் விசித்திரம். பெருங்கணினிச் சந்தையை ஆண்ட அந்தக் கம்பனிமீது 1969 ஜனவரியில் வழக்குப் போட்டார்கள். 13 வருடம் இழுத்து 1982 ஜனவரியில் அரசாங்கமே கைவிட்டது. ஆனால் அதற்கு ஐந்து மாதம் முன்னால், 1981 ஆகஸ்டில், ஐ.பி.எம். தன் சிறுகணினியை வெளியிட்டிருந்தது. அவசரத்தில் மூளையை இன்டெலிடமும் இயங்குதளத்தை மைக்ரோசொப்டிடமும் வாங்கிப் போட்டது. இயங்குதளத்தை மற்றவர்களுக்கும் விற்கும் உரிமை மைக்ரோசொப்டிடமே இருந்தது. கொம்பக் முதலான கம்பனிகள் அச்சு அசலாக நகல் இயந்திரங்களைச் செய்து விற்கத் தொடங்கியதும், கணினி யாருடையதாக இருந்தாலும் டொஸ் மைக்ரோசொப்டுடையது என்றாகிவிட்டது. நீதிமன்றம் 13 வருடத்தில் செய்யாததை ஐ.பி.எம். ஒரு ஒப்பந்தத்தில் தனக்கே செய்துகொண்டது.

அப்படியென்றால் வழக்கால் பிரயோசனமே இல்லையா? இதில் படித்தவர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். மைக்ரோசொப்டை இரண்டாக உடைக்க வேண்டுமென்று 2000 ஜூனில் ஜக்சன் தீர்ப்பளித்தார். 2001 ஜூனில் மேல்நீதிமன்றம் உடைப்பை இரத்துச் செய்தது. ஆனால் ஏகபோகத்தைக் காப்பாற்றச் சட்டத்தை மீறியது உண்மை என்பதை ஏற்றுக்கொண்டது. கடைசியில் நிபந்தனைகளோடு ஓர் உடன்பாடு. வெளியில் பார்த்தால் யானைப் பசிக்குச் சோளப்பொரி. என் கணிப்பு வேறு. அந்த நேரம் கூகுள் பச்சைக் குழந்தை. உலகத்தில் ஏறத்தாழ 95 சதவீதம் பேர் மைக்ரோசொப்டின் உலாவியான இன்டர்நெட் எக்ஸ்புளோரரில்தான் இணையம் பார்த்தார்கள். வேறு தேடுபொறிக்குப் போகவிடாமல் அந்த வாசலை அடைக்க மைக்ரோசொப்டுக்குத் தொழில்நுட்பத் தடை ஒன்றும் இருக்கவில்லை. வழக்கில் சூடுபட்ட கை தயங்கியது என்றுதான் நினைக்கிறேன். மைக்ரோசொப்டை ஆரம்பித்தவர்களில் ஒருவரான பில் கேட்ஸ் 2019ல் ஒரு மேடையில், அந்த வழக்கு தன் கவனத்தைச் சிதறடித்திருக்காவிட்டால் இன்று எல்லோர் கையிலும் விண்டோஸ் போன்தான் இருந்திருக்கும் என்ற கருத்தில் பேசினார். அதில் பாதியைத்தான் நான் நம்புவேன். தோற்றவர் சொல்லும் காரணத்தைக் கொஞ்சம் கழித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஏனென்றால் போனில் மைக்ரோசொப்டைக் கொன்றது அதே பழைய சுற்று. 2007ல் ஐபோன், 2008ல் முதல் அண்ட்ரொய்ட் போன். மைக்ரோசொப்ட் சும்மா இருக்கவில்லை. நொக்கியாவின் போன் பிரிவையே 2014ல் வாங்கி, அடுத்த வருடமே ஏறத்தாழ 760 கோடி டொலரை நட்டமாக எழுதித் தள்ளியது. அந்த லூமியா போன்கள் சில என் மேசைக்கும் திருத்த வந்திருக்கின்றன. மழையில் நனைந்து, தேயிலை மலையில் விழுந்து எழும்பியும் ஓடிய நல்ல உறுதியான போன்கள். திரையும் வழுக்கிக்கொண்டு ஓடும். கொண்டுவந்த பையன்களின் முறைப்பாடு ஒன்றே ஒன்று: "அண்ணே, இதில அந்த எப் இல்ல." எப், அதாவது போனில் ஓடும் செயலி, எழுதுகிறவன் ஆள் இருக்கும் அண்ட்ரொய்டுக்கும் ஐபோனுக்கும் எழுதினான், விண்டோஸ் போனுக்கு எழுதவில்லை. ஓ.எஸ்.2வைத் தடுத்த அதே மதில்தான். இந்த முறை மைக்ரோசொப்ட் மதிலுக்கு வெளியே நின்றது.

2017 மார்ச்சில் இணையம் பார்க்கும் கருவிகளில் அண்ட்ரொய்ட் விண்டோஸை முந்தியது என்று இணையப் பாவனையைக் கணக்கிடும் ஸ்டாட்கவுன்டர் அறிவித்தது. 37.93க்கு 37.91 சதவீதம். மயிரிழைதான், ஆனால் போக்கு அன்றே தெரிந்துவிட்டது. இதை எங்கள் பக்கத்தவர்களுக்குப் புள்ளிவிபரம் காட்டிச் சொல்லத் தேவையில்லை. தோட்டத்து வீடுகளில் முக்கால்வாசிப் பேர் மேசைக் கணினி என்ற கட்டத்தையே பார்க்காமல் நேராகப் போனுக்கு வந்தவர்கள். கொரோனா காலத்தில் பாடசாலை மூடியபோது சிக்னல் தேடி மலை உச்சிக்குப் போன பிள்ளைகள் கையில் இருந்தது அம்மாவின் போன். அந்தப் பிள்ளைகளுக்கு விண்டோஸ் ஏகபோகம் என்று சொன்னால், அது பாடசாலை ஆய்வுகூடத்தில் வாரத்தில் ஒரு பாடவேளை மட்டும் பார்க்கும் ஒரு பொருள்.

அதே நேரம் பழைய இடம் அப்படியே கிடக்கிறது என்று சொன்னேன் அல்லவா? ஒரு தோட்டக் காரியாலயத்துக்குப் பழுதுபார்க்கப் போனால் மூலையில் விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்று, பக்கத்தில் டொட் மெட்ரிக்ஸ் பிரின்டர். தொழிலாளர் வேலைநாளைப் பதியும் செக்ரோல் சம்பளக் கணக்கு அதில்தான். பொக்ஸ்புரோ என்ற தரவுத்தள மென்பொருளில் யாரோ எழுதிக் கொடுத்தது. எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். பொக்ஸ்புரோ கம்பனியை மைக்ரோசொப்ட் 1992ல் வாங்கி, 2007ல் இனிப் புதிய பதிப்பு வராது என்று அறிவித்து, 2015ல் ஆதரவையும் நிறுத்தியது. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்தது. ஆனாலும் அந்தக் கணினியைத் தொட ஒருவருக்கும் துணிவில்லை. சம்பள நாளில் அது எழும்பாவிட்டால் வாசலில் யார் நிற்பார்கள் என்று கிளாக்கர் ஐயாவுக்குத் தெரியும். தூசு தட்டுவதற்குக்கூட என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். உலகத்து வங்கிகள் பல இன்னும் ஐ.பி.எம். பெருங்கணினியை வைத்திருப்பதும் இதே பயத்தில்தான். ஏகபோகத்தின் வால் மிக நீளம். தலை போய் இருபது வருடம் கழிந்தும் வால் வருமானம் தரும்.

மைக்ரோசொப்டின் தந்திரம் அந்த வருமானத்தை வைத்துக்கொண்டு வேறு இடம் பார்த்ததுதான். 2001ல் லினக்ஸைப் புற்றுநோய் என்று பேசிய தலைமை நிர்வாகி ஸ்டீவ் போல்மர் போய், 2014ல் சத்ய நாதெல்லா வந்தார். லினக்ஸை விரும்புகிறோம் என்று மேடையிலேயே சொன்னார்கள். தங்கள் மேகக் கணினிகளில் அதை வாடகைக்கு விட்டார்கள். ஒபிஸை மாதச் சந்தாவாக்கினார்கள். செயற்கை நுண்ணறிவில், சட்ஜிபிடியைச் செய்த ஓபன் ஏஐ கம்பனிக்குள் 2019ல் 100 கோடி டொலரோடு நுழைந்தார்கள். 2025 ஒக்டோபரில் அதில் கால் பங்குக்கு மேல் அவர்களிடம் இருந்தது. 2025 ஜூலையில் கம்பனியின் சந்தை மதிப்பு சிறிது நேரம் 4 இலட்சம் கோடி டொலரைத் தாண்டியது. மேசைக் கணினியில் விண்டோஸின் பங்கு 90க்கு மேலிருந்து 70 சதவீத அளவுக்கு இறங்கிய காலமும் இதுதான். பங்கு இறங்க, பணம் ஏறியிருக்கிறது.

பாவிக்கிறவனுக்கு என்ன கிடைத்தது என்றால், அங்கே எனக்குக் கொஞ்சம் கசப்பு இருக்கிறது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரை 2004ல் வந்த பயர்பொக்ஸ் அசைத்தது, 2008ல் வந்த குரோம் சாய்த்தது, 2022 ஜூனில் மைக்ரோசொப்டே மூடியது. இன்று உலகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குரோம். மைக்ரோசொப்டின் எட்ஜ் உலாவிகூட உள்ளுக்குள், குரோமின் அடித்தளமான கூகுளின் குரோமியம்தான். அண்ட்ரொய்டும் கூகுளுடையது. கதிரை காலியாகவில்லை, ஆள்தான் மாறியது. கூகுள் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காப்பாற்றியது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். போன்களிலும் உலாவிகளிலும் முதலில் வந்து நிற்கும் தேடுபொறியாக இருப்பதற்கு மட்டும் 2021ல் கூகுள் 2,630 கோடி டொலர் கொடுத்தது அந்த வழக்கில்தான் வெளியே வந்தது. இவ்வளவு நல்ல சரக்கு என்றால் வாசலில் நிற்க ஏன் இவ்வளவு காசு? ஆனால் 2025 செப்டெம்பரில் பரிகாரம் சொல்லும்போது குரோமை விற்கச் சொல்லவில்லை; மற்றவர்களை அடைக்கும் ஒப்பந்தங்களைத் தடுத்தார், சில தரவுகளைப் போட்டியாளர்களோடு பகிரச் சொன்னார். அதற்குள் சட்ஜிபிடி போன்றவை வந்து வழக்கின் போக்கையே மாற்றிவிட்டன என்று அவரே குறிப்பிட்டார். பேஸ்புக்கை வைத்திருக்கும் மெட்டா மீது 2020 டிசம்பரில் போட்ட வழக்கு 2025 நவம்பரில் தோற்றதும் அப்படித்தான்: தீர்ப்பு வருவதற்குள் டிக்டொக் சந்தையை மாற்றியிருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் இப்போது கேள்வியைக் கூகுளில் தட்டுவதில்லை. போட்டோ எடுத்துச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறார்கள். கூகுளும் பதறித் தன் தேடல் பக்கத்தின் உச்சியில் அதே மாதிரிப் பதிலை வைக்கத் தொடங்கியிருக்கிறது. அடுத்து வழுக்கும் இடம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. லினக்ஸ் விண்டோஸை வீழ்த்தும் என்பதற்காக அதைப் படிக்கச் சொல்லவில்லை தம்பி. மேசைக் கணினியில் அது நடக்குமென்று நான் இன்னும் பந்தயம் கட்டமாட்டேன். ஜெர்மனியின் மியூனிக் மாநகரசபை 2003ல் லினக்ஸுக்குப் போக முடிவெடுத்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி, 2017ல் திரும்ப விண்டோஸுக்கே போகத் தீர்மானித்தது. வெளியிலிருந்து வரும் கோப்புகளும் விசேட மென்பொருள்களும்தான் அங்கும் பெரிய தலையிடி. ஆனால் அண்ட்ரொய்டின் அடியில் இருப்பது லினக்ஸின் உட்கருவான கருவம். இணையத்தளங்களை நடத்தும் உலகத்து வழங்கிக் கணினிகளில் பெரும்பாலானவை லினக்ஸ். மென்பொருள் வேலைக்குக் கொழும்புக்கு நேர்முகத்துக்குப் போனால் அதைத்தான் கேட்பார்கள். கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முழுக்க அதிலேதான் படிக்கிறார்கள். அவர்கள் யாரும் வேலையில்லாமல் விண்டோஸ் தெரியாமல் தவிப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

களவு விண்டோஸ் சும்மா கிடைக்கிறதே என்பார்கள் சிலர். சீனாவில் நடக்கும் களவுப் பிரதியைப் பற்றி 1998ல் பில் கேட்ஸ் சொன்னது, களவெடுப்பதென்றால் எங்களுடையதையே எடுக்கட்டும், பழகிவிடுவார்கள், காசை எப்படி அறவிடுவதென்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பொருளில். இதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை.

உடனடியாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்தது. ஒரு வருட நீடிப்பு எடுத்தவர்களுக்கு மட்டும் 2026 ஒக்டோபர் வரை. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் எட்டாம் தலைமுறை இன்டெல் புரொசெசரும் எங்கள் பாடசாலை ஆய்வுகூடங்களிலும் பாவித்து விற்கும் கடைகளிலும் இருக்கும் ஏராளமான கணினிகளில் இல்லை. நல்ல இயந்திரங்கள், ஆனால் வாசலில் நிறுத்திவிட்டார்கள். அப்படியானவற்றுக்கு நான் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன். எழுத்து வேலை, இணையம், பைதன், தரவுத்தளப் பாடம் எல்லாம் ஓடும். பாமினி எழுத்துருவும் அதில் வேலை செய்யும். அச்சுப் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் ஒழுங்காக ஓடாது, ஆகவே அச்சகக்காரர்களுக்குப் போடுவதில்லை. கடைக் கணக்குப் பொதி வைத்திருப்பவர்களுக்கும் வேண்டாம் என்றே சொல்கிறேன். சில பிரின்டர்கள் முரண்டு பிடிக்கும், வாங்கும் முன் மொடல் இலக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடசாலை ஆசிரியர் சம்மதித்தால் ஒரு 8 ஜிபி பென்டிரைவ் போதும். அதிலிருந்தே ஏற்றிப் பார்க்கலாம், ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸைத் தொட வேண்டியதில்லை. புதிதாக அடிக்கும் எதையும் யுனிகோட்டில் அடியுங்கள்.